மூட்டு மாத்திரையில் எவ்வளவு குடலைத் தாண்டும்? லேபிளை வைத்துக் கணக்கிடும் முறை

மூட்டுத் தேய்மானத்துக்காக விற்கப்படும் சப்ளிமென்ட் டப்பாக்களில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது நாம் விழுங்கும் அளவு. அதில் எத்தனை பங்கு குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும் என்ற விவரம் அங்கே இருக்காது. ஆனால் மூலக்கூறின் எடை, அது நீரிலும் கொழுப்பிலும் கரையும் விதம், அதன் மின்னூட்டம், அதை ஏற்றிச் செல்லக்கூடிய கடத்திப் புரதம் குடலில் உண்டா என்ற நான்கையும் தெரிந்துகொண்டால், விடையின் பெரும்பகுதியை நாமே ஊகித்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நினைவில் இருந்தால் போதும். அதிகம் விற்பனையாகும் குளூக்கோசமைனை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு மஞ்சளில் உள்ள குர்க்குமின், காண்ட்ராய்டின், கொலாஜன் ஆகியவற்றை அதனோடு ஒப்பிடுவோம்.

முதல் வேலை: உப்பைக் கழிப்பது

குளுக்கோஸில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருந்த இடத்தில் அமீன் தொகுதி அமர்ந்தால் அதுவே குளூக்கோசமைன். அதன் மூலக்கூறு எடை சுமார் 179. பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைச் சிதைத்து இதைத் தயாரிக்கிறார்கள். ஆகவே இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மூலப்பொருள் என்ன என்பதை லேபிளில் தேடிப் பார்ப்பது நல்லது. தனி நிலையில் எளிதில் கெட்டுவிடும் என்பதால் இது மாத்திரையில் எப்போதும் ஏதேனும் ஓர் உப்பாகவே இருக்கும். ஹைட்ரோகுளோரைடு உப்பின் எடை சுமார் 215.6; அதாவது அதில் 83 விழுக்காடு குளூக்கோசமைன். சல்பேட் உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் அதோடு பொட்டாசியம் குளோரைடையோ சோடியம் குளோரைடையோ சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள். பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த வகையின் எடை சுமார் 605.5, அதற்குள் இருக்கும் இரண்டு குளூக்கோசமைன் மூலக்கூறுகளின் பங்கு 59 விழுக்காடு மட்டுமே.

இரண்டு டப்பாக்களிலும் 1500 மி.கி. என்றே அச்சிட்டிருந்தாலும், ஹைட்ரோகுளோரைடில் கிடைப்பது ஏறத்தாழ 1246 மி.கி. குளூக்கோசமைன், பொட்டாசியம் சேர்ந்த சல்பேட்டில் கிடைப்பது ஏறத்தாழ 888 மி.கி. ஐரோப்பாவில் மருந்துச் சீட்டுக்கு விற்கப்படும் படிகக் குளூக்கோசமைன் சல்பேட்டில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 1884 மி.கி. தூளில் 1500 மி.கி. குளூக்கோசமைன் சல்பேட்டும் 384 மி.கி. சோடியம் குளோரைடும் இருப்பதாகப் பிரித்தே குறிப்பிடுகிறார்கள். அந்த 384 மி.கி. உப்பில் சோடியம் மட்டும் சுமார் 150 மி.கி. இருக்கும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர் இதையும் தன் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சல்பேட் வகைதான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும் என்று ஒரு விற்பனைப் பேச்சு உண்டு. இரைப்பையின் அமிலத்தில் இரண்டு உப்புகளுமே பிரிந்து, நேர்மின்னூட்டம் கொண்ட அதே குளூக்கோசமைன் அயனியைத்தான் தருகின்றன. குடல் சுவருக்கு அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று தெரிய வாய்ப்பில்லை.

கரைகிறதா என்று பார்ப்பது

கரையாத பொருள் குடலைக் கடக்காது. குளூக்கோசமைன் நீரில் தாராளமாகக் கரையும் என்பதால் இங்கே கவலை மூலக்கூறைப் பற்றியதன்று, மாத்திரையைப் பற்றியது. உறையில்லாத மாத்திரை 15 நிமிடங்களுக்குள்ளும், மெல்லிய படலம் பூசியது 30 நிமிடங்களுக்குள்ளும் சிதைய வேண்டும் என்பது இந்திய மருந்துநூலின் பொதுவான வரையறை. உடல் சூட்டில் உள்ள நீரில் ஒரு மாத்திரையைப் போட்டு அவ்வப்போது மெதுவாகக் கலக்கிவிட்டுப் பாருங்கள். வீட்டு டம்ளர் ஆய்வகக் கருவி ஆகிவிடாதுதான். ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்தும் கல்லாக அடியில் கிடக்கும் மாத்திரையைப் பற்றி ஐயப்பட அது போதும். குடலில் சென்று கரையும்படி உறையிட்ட மாத்திரைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

சுவரில் உள்ள மூன்று வழிகள்

குடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நாம் படித்திருப்போம். சுவீடனில் நுண்ணோக்கியால் மீண்டும் அளந்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, செரிமானப் பாதை முழுவதற்குமே அது ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான். பேட்மிண்டன் மைதானத்தில் பாதிகூட வராது. அந்தப் பரப்பை ஒரே அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. அவற்றைக் கடக்க மூன்று வழிகள் உண்டு. செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் கரைந்து ஊடுருவுவது ஒன்று. இரு செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கமான இணைப்பின் நுண்ணிடைவெளியில் நுழைவது இன்னொன்று. கடத்திப் புரதத்தில் ஏறிச் செல்வது மூன்றாவது.

உங்கள் மூலக்கூறுக்கு எந்த வழி திறக்கும் என்பதை இந்த வரிசையில் சோதிக்கலாம். முதலில் கொழுப்பு வழி. ஆக்டனால் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள ஆல்கஹாலுக்கும் நீருக்கும் இடையே ஒரு பொருள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதன் மடக்கை மதிப்பை லாக் பி என்பார்கள். இந்த மதிப்பு 1 முதல் 3 வரை இருந்தால் சவ்வைக் கடப்பது பொதுவாக எளிது. எதிர்மதிப்பாக இருந்தால் அந்தப் பொருள் நீரைவிட்டு வர மறுக்கிறது என்று பொருள். குளூக்கோசமைனின் மதிப்பு சுழியத்துக்குக் கீழே வெகுதொலைவில் இருக்கிறது.

அடுத்தது மின்னூட்டம். மின்னூட்டம் பெற்ற மூலக்கூறைக் கொழுப்புச் சவ்வு ஏற்பதில்லை. குளூக்கோசமைனின் அமீன் தொகுதிக்கான பிகேஏ மதிப்பை, அதாவது மூலக்கூறுகளில் சரிபாதி மின்னூட்டம் பெற்றிருக்கும் பிஎச்சை, சுமார் 7.5 என்று வைத்துக்கொள்வோம். சிறுகுடலின் மேற்பகுதியில் பிஎச் 6.5 என்றால் வேறுபாடு 1. எனவே மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகள் பத்துக்கு, பெறாதது ஒன்று. குடலின் கடைப்பகுதியில் பிஎச் 7.5ஐ நெருங்கும்போது இரண்டும் சமமாகும். காரத்தன்மையுள்ள எந்தப் பொருளுக்கும் இதே கணக்கைப் போடலாம்: பிகேஏவிலிருந்து பிஎச்சைக் கழித்து, வரும் எண்ணைப் பத்தின் அடுக்காக்கினால் விகிதம் கிடைத்துவிடும். அமிலப் பொருளுக்குக் கழித்தலைத் திருப்பிப் போட வேண்டும்.

ஆகக் கொழுப்பு வழி குளூக்கோசமைனுக்கு அடைபட்டதுதான். இடைவெளி வழியோ மிகச் சிறிய, நீரில் கரையும் மூலக்கூறுகளுக்கு மட்டும் உரியது. எடை 200ஐத் தாண்டத் தாண்ட அது வேகமாகக் குறுகும். 179 எடையுள்ள குளூக்கோசமைன் அதில் ஓரளவு நுழையலாம், அவ்வளவே. எஞ்சியிருப்பது கடத்திப் புரதம். சர்க்கரைகளை ஏற்றிச் செல்லும் குளூட்-2 என்ற புரதம் குளூக்கோசமைனை மிகுந்த நாட்டத்தோடு பிடிக்கிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். அந்தப் புரதம் பாதி வேகத்தில் இயங்க 0.8 மில்லிமோலார் குளூக்கோசமைன் போதும். குளுக்கோஸுக்கோ 17 மில்லிமோலார் வரை தேவைப்படுகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு பிறக்கிறது. 1500 மி.கி. ஹைட்ரோகுளோரைடு உப்பு 250 மி.லி. நீரில் கரைந்தால் அதன் செறிவு சுமார் 28 மில்லிமோலார், அதாவது மேலே சொன்ன 0.8இன் 35 மடங்கு. பேருந்தில் இருக்கை நிரம்பிய பிறகு நிறுத்தத்தில் எத்தனை பேர் நின்றாலும் ஒரு நடைக்கு ஏறுகிறவர் எண்ணிக்கை கூடாது. கடத்திப் புரதத்தின் கதையும் அப்படித்தான். மனிதர்களில் நடந்த ஆய்வில் 750 மி.கி.யிலிருந்து 1500 மி.கி. வரை இரத்த அளவு வேளையளவுக்கு ஏற்ப உயர்ந்தது, 3000 மி.கி. கொடுத்தபோது எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. ஆகவே வலி கூடிய நாளில் இரண்டு மடங்காக விழுங்குவதால் கிடைக்கும் கூடுதல் பலன் கொடுத்த காசுக்கு ஈடாகாது.

சுவரைத் தொட்டதெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எலிகளில் வாய்வழி கொடுத்த குளூக்கோசமைனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் முழுமையாக இரத்த ஓட்டத்தை எட்டியது. இழப்பின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகும் முன்பே, குடலிலேயே நிகழ்ந்தது. மனிதர்களில் நாள்தோறும் 1500 மி.கி. சல்பேட் எடுத்தபோது இரத்தப் பிளாஸ்மாவில் உச்ச அளவு சுமார் 10 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்கு 2 மி.கி.க்கும் குறைவு. குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத் தட்டில் வைத்து வியக்கத்தக்க விளைவுகளைக் காட்டிய பல சோதனைகள் இதைவிட நூறு மடங்கு வரை அதிகமான செறிவைப் பயன்படுத்தியவை. தட்டில் கண்டதை முழங்காலில் எதிர்பார்ப்பதற்கு முன் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1583 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியான பெரிய ஆய்வில், குளூக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடும் காண்ட்ராய்டினும் தனியாகவோ சேர்ந்தோ, ஒட்டுமொத்தக் கணக்கில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. உறிஞ்சப்படுவது வேறு, வலி குறைவது வேறு. இந்த வழிகாட்டி முதலாவதை மட்டுமே அளக்க உதவும்.

விதிக்குள் அடங்கியும் உள்ளே போகாத குர்க்குமின்

மருந்து வேதியியலில் ‘ஐந்தின் விதி’ என்ற புகழ்பெற்ற அளவுகோல் ஒன்று உண்டு. ஃபைசர் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் வகுத்தது. மூலக்கூறு எடை 500க்கு மேலும், லாக் பி 5க்கு மேலும், ஹைட்ரஜன் பிணைப்பு தரும் தொகுதிகள் 5க்கு மேலும், ஏற்கும் அணுக்கள் 10க்கு மேலும் போனால் வாய்வழி உறிஞ்சல் மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். கடத்திப் புரதங்களில் ஏறிச் செல்லும் பொருள்களுக்கு இது பொருந்தாது என்று அவர்களே விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்த விலக்கைப் படிக்காமல் விதியை மட்டும் ஒப்பிக்கிறவர்கள் அதிகம்.

குர்க்குமினுக்கு இந்த விதியைப் போட்டுப் பாருங்கள். எடை 368, லாக் பி 3க்குச் சற்று மேல், பிணைப்பு தருபவை இரண்டோ மூன்றோ, ஏற்பவை ஆறு. எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆனால் 12 கிராம் வரை ஒரே வேளையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மிக உயர்ந்த வேளைகளில் ஓரிருவரைத் தவிர யாருடைய இரத்தத்திலும் குர்க்குமின் தென்படவில்லை. விதி கேட்காத மூன்று கேள்விகளில் அது தோற்கிறது. ஒன்று, நீரில் அது கிட்டத்தட்ட கரைவதே இல்லை. இரண்டு, குடலின் நடுநிலையான பிஎச்சில் அது நிலையாக இருப்பதில்லை, பிஎச் 7.2 தாங்கல் கரைசலில் அரை மணி நேரத்தில் சுமார் 90 விழுக்காடு சிதைந்துபோவதாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மூன்று, எப்படியோ செல்லுக்குள் போய்விட்ட சிறு பங்கையும் குடல் சுவரும் கல்லீரலும் குளூக்குரோனிக் அமிலத்தோடு கோத்து வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன.

ஆகக் குர்க்குமின் டப்பாவை எடுத்தால் எத்தனை மி.கி. என்பதைவிட, இந்த மூன்று தடைகளில் எதை அந்தத் தயாரிப்பு தீர்க்க முயன்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். லெசித்தின் சேர்த்திருந்தாலும் நுண்துகளாக்கியிருந்தாலும் அது கரைதலுக்கான ஏற்பாடு. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்திருந்தால் அது மூன்றாவது தடைக்கானது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் கிடைத்த அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. இன்று பாதி டப்பாக்களில் மின்னும் ‘20 மடங்கு’ என்ற சொல் அங்கிருந்து வந்ததே. பைப்பரின் இல்லாதபோது இருந்த அளவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு மஞ்சள் மிளகுப் பாலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. மஞ்சள் தூளில் குர்க்குமின் வகைகள் தோராயமாக 3 விழுக்காடு. 3 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டியில் 90 மி.கி. அளவு. மிளகில் பைப்பரின் சுமார் 5 விழுக்காடு என்று கொண்டால் 20 மி.கி.க்கு அரை கிராமுக்கும் குறைவான மிளகுத்தூள் போதும். பாலின் கொழுப்பு கரைதலுக்குத் துணை செய்கிறது. சேர்க்கையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆய்வில் கொடுத்த 2 கிராமோடு ஒப்பிட்டால் குர்க்குமின் அளவுதான் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நிற்கிறது.

‘பன்மடங்கு உறிஞ்சல்’ என்று கூறும் தயாரிப்புகளைப் படிக்கையில் ஒன்றைக் கட்டாயம் தேடுங்கள்: அளந்தது தனிக் குர்க்குமினையா, மொத்தக் குர்க்குமினையா? பல ஆய்வுகள் இரத்த மாதிரியை நொதியிட்டு, ஏற்கெனவே கோக்கப்பட்டு வெளியேறவிருந்த மூலக்கூறுகளையும் பிரித்து எண்ணிவிடுகின்றன. அப்படி எண்ணினால் தொகை பெரிதாகத்தான் தெரியும்.

கொழுப்பைப் பற்றிய இதே அறிவுரை சல்லகி எனப்படும் பாஸ்வெல்லியா பிசினுக்கும் பொருந்தும். அதன் பேர்பெற்ற மூலக்கூறு எடையில் 500ஐத் தாண்டுகிறது, கொழுப்பு நாட்டமும் மிக அதிகம். கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தபோது இரத்த அளவு பல மடங்கு உயர்ந்திருக்கிறது. வெறும் வயிற்றில் எடுப்பது வீண்.

பெரிய மூலக்கூறுகள்

காண்ட்ராய்டின் சல்பேட் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. எடை பொதுவாக 10,000 முதல் 50,000 டால்டன் வரை, நெடுகிலும் எதிர்மின்னூட்டம். மூன்று வழிகளில் எதற்குள்ளும் அது முழுதாகப் பொருந்தாது. அதன் பெரும்பகுதி பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. யாருடைய குடலில் எந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவும் மாறும். வாங்கும்போது குறைந்த மூலக்கூறு எடை என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

கொலாஜனில் இரண்டு முற்றிலும் வேறான பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. சில ஆயிரம் டால்டன் அளவுக்கு உடைத்த பெப்டைடு தூளை நாளுக்கு 10 கிராம் போலக் கரைத்துக் குடிக்கிறார்கள். அது குடலில் மேலும் உடைந்து, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளாகப் பெப்ட்-1 என்ற கடத்தியில் ஏறுகிறது. புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் இணைந்த துண்டை மனித இரத்தத்திலேயே கண்டிருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பில் கொதித்துக் கூழான கொலாஜனுக்கும் இதே கதிதான். அது கொலாஜனாகவே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை.

இன்னொன்று, சிதைக்கப்படாத இரண்டாம் வகைக் கொலாஜன். வேளையளவு 40 மி.கி. மட்டும். இது உறிஞ்சப்பட வேண்டும் என்றே எதிர்பார்ப்பதில்லை. குடல் சுவரில் உள்ள நோயெதிர்ப்புத் திட்டுகளைத் தொட்டு, சொந்தக் குருத்தெலும்பைத் தாக்காதிருக்க அவற்றைப் பழக்குவதே இதன் கருதுகோள். அதற்கு மும்முறுக்கு வடிவம் குலையாமல் இருக்க வேண்டும். எனவே பெப்டைடு தூளைச் சூடான காப்பியில் கலக்கலாம்; சிதைக்கப்படாத கொலாஜனைக் கலக்கவே கூடாது.

ஒரு லேபிளில் பொருத்திப் பார்ப்பது

ஒரு மாத்திரையில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த குளூக்கோசமைன் சல்பேட் 750 மி.கி., காண்ட்ராய்டின் 100 மி.கி., எம்எஸ்எம் (மெத்தில்சல்ஃபோனைல்மீத்தேன் என்ற கந்தகச் சேர்மம்) 250 மி.கி., குர்க்குமின் 50 மி.கி. என்று அச்சிட்டிருப்பதாகவும், நாளுக்கு இரண்டு எடுக்கச் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். குளூக்கோசமைன் 888 மி.கி.; கடத்தி வழி உண்டு, ஆனால் அளவு 1500 மி.கி. ஹைட்ரோகுளோரைடில் கிடைக்கும் 1246 மி.கி.க்கு வெகு கீழே. காண்ட்ராய்டின் 200 மி.கி.; மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் கொடுத்த 1200 மி.கி.யில் ஆறில் ஒரு பங்கு, அதுவும் பெரிய மூலக்கூறு. எம்எஸ்எம்மின் எடை 94 மட்டும், மின்னூட்டமும் இல்லை, நீரிலும் கரையும். உறிஞ்சலில் சிக்கல் எதுவுமில்லை, ஆனால் ஆய்வுகளில் அதைக் கிராம் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். குர்க்குமின் 100 மி.கி.; பைப்பரினோ கொழுப்போ இல்லாததால் ஏறக்குறைய வெறும் நிறத்துக்குத்தான். நான்கு பெயர்கள் கொண்ட மாத்திரையில் கணக்கில் நிற்பது ஒன்றேகால் பெயர். இப்படிப்பட்ட கலவைகளைவிட, ஒரே பொருளை முழு அளவில் கொண்ட மாத்திரையை வாங்கி, சற்றே எண்ணெயோ நெய்யோ உள்ள மதிய உணவுக்குப் பின் எடுப்பதே நான் பரிந்துரைப்பது.

உறிஞ்சலைக் கூட்டும் எந்த ஏற்பாடும் மற்ற மருந்துகளுக்கும் கதவைத் திறந்துவிடும். பைப்பரின் அடக்கும் நொதிகள் குர்க்குமினை மட்டும் சிதைப்பவையல்ல. வலிப்புக்கான ஃபெனிடோயின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் இரத்த அளவும் அதனால் உயர்ந்திருக்கிறது. குளூக்கோசமைனோடு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு இரத்தம் உறையும் நேரம் நீண்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. செறிவூட்டிய மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2019இல் இத்தாலியில் தொடர்ந்து புகார்கள் எழுந்தன. இந்த மருந்துகளில் ஒன்றை எடுப்பவரும், கல்லீரல் கோளாறு உள்ளவரும் டப்பாவைத் திறக்கும் முன்பே அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; எடுக்கத் தொடங்கிய பின் சிறுநீர் கருமஞ்சளாகவோ கண் மஞ்சளாகவோ மாறினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.